நாடக வாரத்தில் குரல்

இசை நாடகம் மேடையேறும் வாரத்தில் என் குரலை அதிகம் களைக்க வைப்பது பாட்டு இல்லை. காட்சி முடிந்து அரங்க வாசலில் நின்று பேசும் பேச்சுதான். இரண்டு மணி நேரம் பாடி முடித்தபோது குரல் நாண்கள் லேசாக வீங்கியிருக்கும். அந்த நேரத்தில் சொந்தக்காரர்கள், கூட வேலை பார்ப்பவர்கள், படம் எடுக்க வருபவர்கள் எல்லாரும் சூழ்ந்துகொள்வார்கள். இரைச்சலில் நம்மை அறியாமலேயே சத்தம் ஏறிவிடும். இதை 1911இலேயே லோம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் கவனித்து எழுதியிருக்கிறார்.

அதனால் இப்போதெல்லாம் வாசலுக்கு வந்து கும்பிட்டு, படம் எடுத்துக்கொண்டு, சிரித்துவிட்டு உள்ளே போய்விடுகிறேன். முதலில் பெரியம்மாவுக்கு வருத்தம்தான். இப்போது அவரே பக்கத்தில் நின்று, "பிள்ளைக்கு நாளைக்கு ரெண்டு ஷோ இருக்கு, பேச்சுக் கொடுக்காதீங்க" என்று மற்றவர்களிடம் சொல்லிவிடுகிறார்.

நான் பாடும் சுருதி ஐந்தரைக் கட்டை. நடு ஷட்ஜத்தில், அதாவது நடு 'ச'வில் நின்றாலே குரல் நாண்கள் நொடிக்கு ஏறக்குறைய 208 முறை சேர்ந்து விலகும், மேல் ஷட்ஜத்தில் 415. அங்கே எட்டு நொடி கார்வை பிடித்தால், அதாவது அந்தச் சுரத்தை விடாமல் நீட்டினால், 3,300 முறைக்கு மேல். இந்தக் கணக்கு தெரிந்த பிறகு, தேவையில்லாமல் தொண்டையைச் செருமுவதற்கே மனம் வருவதில்லை. செருமும்போது நாண்கள் ஒன்றோடொன்று ஓங்கி அடித்துக்கொள்கின்றன. ஒரு வாய் தண்ணீரோ, எச்சிலை விழுங்குவதோ போதும்.

குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள்: "அக்கா, பாடுறதுக்கு முன்னாடி நிறைய தண்ணி குடிச்சா போதும்ல?"

"குடிக்கிற தண்ணி நாண் மேல படுறதே இல்லம்மா. அது உணவுக்குழாய்க்குப் போகுது. உடம்பு முழுக்க ஈரம் ஏறி, அப்புறம்தான் அங்க வரும். காலையில இருந்தே குடிக்கணும்."

நேராக நாண்களைத் தொடுவது ஆவிதான். வெளியே வெக்கையும் புழுக்கமுமாக இருக்கும் நம் சிங்கப்பூரில், அரங்கத்துக்குள் ஏர்கான் உலர்ந்த குளிரைக் கொட்டுகிறது. ஒப்பனை அறையில் ஃபிளாஸ்க் வெந்நீரைக் கிண்ணத்தில் ஊற்றி, மூக்கு வழியாக மெதுவாக ஆவி பிடிப்பேன். அதில் தைலம் எதுவும் சேர்ப்பதில்லை.

பிறகு ஸ்ட்ரா. பாதி தண்ணீர் உள்ள போத்தலில் பபிள் டீ கடையின் தடித்த ஸ்ட்ராவை இரண்டு விரல் ஆழம் விட்டு, "ஊ" என்று ஊதிக்கொண்டே மந்திர ஸ்தாயியின் தாழ்ந்த சுரத்திலிருந்து மேலே ஏறி மறுபடி இறங்குவேன். குமிழிகள் ஒரே சீராக வர வேண்டும். திடீரென்று பொங்கினால் மூச்சைத் தள்ளுகிறோம் என்று அர்த்தம். தண்ணீர் தரும் எதிரழுத்தத்தால் நாண்கள் அதிகம் மோதாமல் மென்மையாகச் சேர்கின்றன. குரல் ஆராய்ச்சியாளர் இங்கோ டிட்சே இந்த ஸ்ட்ரா பயிற்சியைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். இடைவேளையிலும், ஆட்டம் முடிந்த பிறகும் செய்கிறேன். பாடி முடித்த தொண்டையை இறக்கி வைப்பதற்கு இதைவிட நல்லதை நான் கண்டதில்லை.

சிராங்கூன் சாலை நாட்டு மருந்துக் கடையில் சிற்றரத்தையும் அதிமதுரமும் வாங்குகிறேன். தொண்டைக்கு இதமாக இருக்கும், பாட்டி பழக்கியது, விடமாட்டேன். ஆனால் நாணை ஆற்றிவிடும் என்று நம்புவதில்லை. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதிமதுரத்தைத் தொடர்ந்து எடுக்கக் கூடாது. புதினா மிட்டாய் வேண்டவே வேண்டாம். வலியை மரக்கச் செய்துவிடும், வலிப்பது தெரியாமல் பாடிக்கொண்டே போவோம். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் நாணுக்குள் இரத்தக் கசிவுக்கு வழி செய்யலாம் என்பதால் மருத்துவரைக் கேட்காமல் எடுப்பதில்லை.

ஆட்டம் முடிந்ததும் குழு மொத்தமும் பரோட்டா கடைக்குக் கிளம்பும். நானும் போவேன், ஒரு கிளாஸ் வெந்நீரோடு உட்கார்ந்திருப்பேன். நடு இரவில் மீன் கறியில் பரோட்டாவைத் தோய்த்துச் சாப்பிட்டு உடனே படுத்தால், வயிற்று அமிலம் தொண்டை வரை ஏறிவிடும். காலையில் எழுந்ததும் வரும் கரகரப்புக்குப் பல நேரம் அதுதான் காரணம். வயிறு நிறையச் சாப்பிடுவதை மாலை ஐந்து மணிக்குள் முடித்துக்கொள்கிறேன்.

பகலில் நான் பாலர் பள்ளி ஆசிரியை. இடுப்பில் கட்டிக்கொள்ளும் சின்ன ஒலிபெருக்கி இல்லாமல் வகுப்புக்குள் போவதில்லை. பிள்ளைகளை அமைதியாக்கக் கைதட்டல்தான். மேடை ஒத்திகையில் விளக்கும் ஒலியும் சரிபார்க்க ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். அப்போது முழுக்குரல் கொடுக்காமல், மெல்லிய குரலில் பாடி மார்க் பண்ணிக்கொள்கிறேன். என் குரல் எனக்கே கேட்காவிட்டால் தள்ளிப் பாடத் தோன்றும் என்பதால், ஒலி அமைப்பாளரிடம் மானிட்டரை, அதாவது பாடுபவருக்குக் கேட்க வைக்கும் ஸ்பீக்கரை, கூட்டித் தரச் சொல்வேன். மைக் இல்லாத காலத்து நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவைச் சொல்லி "தொண்டைன்னா அதும்மா" என்று ஒரு பெரியவர் எப்போதும் சொல்வார். எனக்கும் கிட்டப்பா பாட்டு உயிர். ஆனால் என் கன்னத்தில் மைக் ஒட்டியிருக்கிறது, கடைசி வரிசை வரை கொண்டுபோவது அதன் வேலை.

கரகரப்பு இரண்டு மூன்று வாரம் நீடித்தால் கைவைத்தியம் போதாது. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) சொல்லி, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பச் சொல்லுங்கள். மூக்கு வழியாக மெல்லிய கேமரா விட்டு நாணை நேரில் பார்ப்பார்கள். நாணில் முடிச்சு என்றால் பெரும்பாலும் முதலில் குரல் பயிற்சிதான் சொல்வார்கள், உடனே கத்தி வைப்பதில்லை.

தமிழ்மொழி விழா நடக்கும் ஏப்ரலில் மேடைகள் வரிசையாக வரும். நான் இருக்கும் குழுவில் முக்கியப் பாடகிக்கு மாற்று ஆள் வைக்கும் வழக்கம் இல்லை. முடியாத நாளிலும் பாடியாக வேண்டும் என்ற நிலைமை எந்தப் பிள்ளைக்கும் வரக் கூடாது. "அண்ணே, அடுத்த நாடகத்துக்கு ரெண்டு பேரைத் தயார் பண்ணுவோம், நானே சொல்லித் தரேன்" என்று இயக்குநரிடம் கேட்டேன். சரி என்றுவிட்டார். புதுப் பெண்ணுக்கு ஐந்தரைக் கட்டை எட்டாது, பாட்டுகளை ஐந்து கட்டையில் வைத்து எழுதச் சொல்லியிருக்கிறோம்.