தேவாலா தங்கம்

நீலகிரியில் கூடலூர் பக்கம் தேவாலாவுக்குப் போயிருந்தேன், டீக்கடைக்காரர் மேசை மேல் ஒரு வெள்ளைக்கல்லை வைத்து "இதுல தங்கம் இருக்குங்க" என்றார். கையளவு குவார்ட்ஸ், ஓரத்தில் துருப்பிடித்த மாதிரி பழுப்பு, உள்ளே கடுகை விடச் சின்னதாக மஞ்சள் மினுக்கல். தங்கம் மாதிரி மினுங்கி ஏமாற்றும் இரும்புக் கனிமம், பைரைட்டாகத்தான் இருக்கும் என்று வாய் வரை வந்தது, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஆனால் இங்கே தங்கம் இருப்பது உண்மைதான். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சுரங்க நிபுணர் பிரஃப் ஸ்மித் 1880-இல் நல்லபடியாக அறிக்கை கொடுக்க, லண்டனில் கம்பெனிகள் முளைத்தன, காபித் தோட்டங்களெல்லாம் தங்கச் சுரங்க விலைக்குக் கைமாறின, அப்புறம் சில வருடத்திலேயே எல்லாம் படுத்துவிட்டது. காரணம் பாறையில் இருக்கிறது. மேல்மண்ணில் மழையும் காற்றும் பைரைட்டை அரித்துவிடுவதால் அதிலிருந்த தங்கம் தனியாகப் பிரிந்து நிற்கும், அலசினால் தட்டில் மினுங்கும். கீழே போனால் அதே குவார்ட்ஸ்தான், ஆனால் தங்கம் கொஞ்சம், அதுவும் பைரைட் மாதிரியான சல்பைடு கனிமங்களுக்குள் ஒளிந்துகொண்டு. மேலே பார்த்த கணக்கைக் கீழேயும் போட்டதுதான் தப்பு.

அந்தப் பழைய சுரங்கக் குகைகளில் தங்கம் தேடி இன்னும் திருட்டுத்தனமாக இறங்குகிறார்கள், மண் சரிந்து செத்தவர்களும் உண்டு.

கல்லைத் திருப்பிக் கொடுத்தேன். துணியில் சுற்றி கல்லாப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.