இரும்புக் கடாவுக்கு ஒரு கைத்துப்பாக்கி

அரிசோனாவில் குடியேறிய பிறகு, உடன் பணிபுரியும் நண்பர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைச் சுடுதளத்திற்கு அழைத்துச் சென்றார். அங்கே 200 மீட்டர் தொலைவில், மண்மேட்டின் அடியில், ஆட்டுக்கடா உருவத்தில் வெட்டிய ஐந்து இரும்புத் தகடுகள் வரிசையாக நின்றிருந்தன. ஒருவர் மல்லாந்து படுத்த நிலையில் கைத்துப்பாக்கியால் முதல் கடாவைச் சுட்டார். வெடிச்சத்தம் அடங்கிய பிறகும் எதுவும் நடக்கவில்லை. தவறிவிட்டது என்று நான் நினைத்த வேளையில் கடா பின்புறமாகச் சாய்ந்தது, அதற்கும் பிறகுதான் 'டங்' என்ற ஓசை காதுக்கு எட்டியது. அந்தக் கடாவை வீழ்த்தக்கூடிய துப்பாக்கி ஒன்றை வாங்கியே தீர வேண்டும் என்று அன்று மாலையே முடிவு செய்துவிட்டேன். 'சில்லூட்' எனப்படும் இந்த இரும்பு உருவப் போட்டிக்கு வருகிறவர்களில் பலர் செய்யும் தவறு இதுதான்: கடாவைப் பார்த்துத் துப்பாக்கி வாங்குவது. இப்போது இன்னொரு நண்பர் அதே ஆசையோடு என்னிடம் யோசனை கேட்டிருப்பதால், அவருக்குச் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதி வைக்கிறேன்.

விளையாட்டைப் பற்றி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இது மெக்சிகோவிலிருந்து வந்தது. உயிருள்ள விலங்குகளைக் கட்டிவைத்துச் சுட்ட பழைய பழக்கத்தின் இடத்தில், அவற்றின் உருவத்தில் வெட்டிய இரும்புத் தகடுகள் 1940களின் இறுதியில் அங்கே புழக்கத்திற்கு வந்தன. கோழி, பன்றி, வான்கோழி, கடா என்ற நான்கு உருவங்களும் அங்கிருந்தே வந்தவை. அவ்வாட்டம் எல்லை தாண்டி அரிசோனாவுக்குள் முதலில் வந்தது நீள்துப்பாக்கிக்கான போட்டியாகத்தான். கைத்துப்பாக்கிக்கென்று தனியாக ஒரு போட்டியை 1975இல் டூசான் நகரில் லீ ஜூராஸ் என்பவர் நடத்திக் காட்டினார். மறு ஆண்டே எல்ஜின் கேட்ஸ் என்பவர் முன்னின்று, ஐ.எச்.எம்.எஸ்.ஏ. என்னும் சர்வதேசக் கைத்துப்பாக்கி உலோக உருவச் சங்கத்தைத் தொடங்கினார். இன்றும் நாங்கள் ஆடுவது அச்சங்கத்தின் விதிகளின்படிதான்.

பெருந்தோட்டாப் பிரிவில் கோழி 50 மீட்டரிலும், பன்றி 100 மீட்டரிலும், வான்கோழி 150 மீட்டரிலும், கடா 200 மீட்டரிலும் நிற்கும். ஐந்து உருவங்களுக்கு ஐந்து தோட்டாக்கள், இரண்டு நிமிடங்கள். இடப்பக்கத்திலிருந்து வரிசை தவறாமல் சுட வேண்டும். உருவம் மேடையிலிருந்து கீழே விழுந்தால்தான் புள்ளி; குண்டு பட்டு மணிபோல் ஒலித்துவிட்டு அது நின்றுகொண்டே இருந்தால், பட்டதும் படாததும் ஒன்றே. பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது விநோதமாக இருக்கும்: இங்கே வட்டங்களும் இல்லை, தசமப் புள்ளிகளும் இல்லை.

அன்று நான் வாங்கியது .44 மேக்னம் என்னும் வலுவான தோட்டாவைச் சுடும் ரிவால்வர். பத்தரை அங்குலக் குழல், ஒவ்வொரு முறையும் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்துச் சுட வேண்டிய வகை. துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை. அகலக்கால் வைத்தது நான்தான். முதல் போட்டியில், மற்றவர்களைப் போலவே நானும் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, ஒரு கையைத் தலைக்குப் பின்னால் கொடுத்து, குழலைக் காலின் வெளிப்பக்கத்தில் சாய்த்து வைத்தேன். இந்தக் கிடைக்குக் கிரீட்மோர் என்று பெயர். ரிவால்வரில் சுழல் உருளைக்கும் குழலுக்கும் இடையே ஒரு மெல்லிய இடைவெளி உண்டு என்பதும், ஒவ்வொரு வெடிப்பிலும் அதன் வழியாகச் சூடான வாயுவும் ஈயத் துணுக்குகளும் பக்கவாட்டில் பீறிடும் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தன. ஆனால் அந்த இடைவெளி என் கெண்டைக்காலுக்கு நேராக அமையும் என்பது மட்டும் உறைக்கவில்லை. இரண்டாவது தோட்டாவில் ஜீன்ஸ் துணி கருகி, நாலணா அளவுக்கு ஓட்டை விழுந்தது. அருகில் இருந்த பெரியவர் ஒருவர் எதுவும் பேசாமல் தன் தோல் காப்பை அவிழ்த்து என் காலில் கட்டிவிட்டார். அன்று 40 தோட்டாக்களுக்கு 9 புள்ளிகள் எடுத்தேன். அந்த ஒன்பதில் கடா ஒன்றே ஒன்று.

அடுத்து வந்த மாதங்களில் காலைவிடக் கைதான் அதிகம் கெட்டது. உதைப்பை எதிர்பார்த்து, வெடிப்பதற்கு முன்பே கை தானாகத் துள்ளும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. அதை விரட்ட ஓராண்டு பிடித்தது. அந்த ஓராண்டின் பெரும்பகுதியை .22 என்னும் சிறுதோட்டாத் துப்பாக்கியோடுதான் கழித்தேன்.

ஆகவே துப்பாக்கியைப் பற்றி யோசிப்பதற்கு முன்பு எந்தப் பிரிவில் ஆடப் போகிறோம் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். 'புரொடக்ஷன்' பிரிவில் கடையில் விற்பனைக்கு வந்த நிலையிலேயே துப்பாக்கி இருக்க வேண்டும். குழல் பத்தேமுக்கால் அங்குலத்தையும், எடை 4 பவுண்டையும் தாண்டக் கூடாது. 'அன்லிமிடெட்' பிரிவில் 15 அங்குலம் வரையிலும் நாலரை பவுண்டு வரையிலும் போகலாம். வேண்டிய மாற்றங்களைச் செய்துகொள்ளலாம். ரிவால்வருக்குத் தனிப்பிரிவு உண்டு. நின்றபடி சுடுவதற்கும் தனிப்பிரிவு உண்டு. அதில் கிரீட்மோர் கிடையின் சொகுசு எதுவும் கிடையாது. ஒரு பிரிவுக்குக் கச்சிதமாகப் பொருந்தும் துப்பாக்கி இன்னொன்றில் விதிக்குப் புறம்பானதாகவோ பயனற்றதாகவோ ஆகிவிடலாம் என்பதால், விதிப்புத்தகத்தைப் படிக்காமல் கடைக்குப் போவது வீண்செலவு.

இனி எல்லோரும் கேட்கும் கேள்வி: கடாவை வீழ்த்த எவ்வளவு வலு வேண்டும்? கடா என்பது ஏறத்தாழ 50 பவுண்டுக்கு மேற்பட்ட இரும்பு. அதைச் சாய்ப்பதில் கணக்கில் வருவது குண்டின் ஆற்றலைவிட அதன் உந்தமே. 240 கிரெய்ன் (ஒரு கிராம் என்பது ஏறத்தாழ 15 கிரெய்ன்) எடையுள்ள .44 குண்டு நொடிக்கு 1400 அடி வேகத்தில் புறப்பட்டால், உந்தம் ஏறக்குறைய நொடிக்கு 6.6 கிலோகிராம்-மீட்டர் வரும். 140 கிரெய்ன் எடையுள்ள ஏழு மில்லிமீட்டர் குண்டு 1900 அடி வேகத்தில் புறப்பட்டால் 5.3 அளவில் வரும். வாய்க்கணக்கில் .44 வென்றுவிட்டதாகத் தோன்றும். ஆனால் கட்டையான .44 குண்டு காற்றில் வேகத்தை விரைவாக இழக்கிறது, ஒல்லியான ஏழு மில்லிமீட்டர் குண்டோ அதைக் காத்துக்கொள்கிறது. கடாவை எட்டும்போது இரண்டுக்கும் உள்ள இடைவெளி பெரிதும் சுருங்கிவிடுகிறது. கையில் படும் உதைப்பிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. அதனால்தான் .223 தோட்டாவின் பித்தளைக் கூட்டின் கழுத்தை ஏழு மில்லிமீட்டருக்கு விரித்துச் செய்த 7 எம்.எம். டி.சி.யு. இந்த ஆட்டத்தில் நிலைத்துவிட்டது. அந்தத் தோட்டாவைக் கடையில் வாங்கிவிடலாம் என்று எண்ண வேண்டாம். வெறுங்கூட்டைப் பொறுக்கி, கழுத்தை விரித்து, மருந்தும் குண்டும் இட்டு நாமேதான் தயாரித்துக்கொள்ள வேண்டும். அந்த வேலையில் விருப்பம் இல்லாதவர்கள் இந்தப் பக்கம் வராமல் இருப்பதே நல்லது. சாதாரண .357 மேக்னம் கோழிக்கும் பன்றிக்கும் தாராளமாகப் போதும். கடாவின் வயிற்றில் பட்டால் சில நேரங்களில் அது தலையை ஆட்டிவிட்டு அப்படியே நிற்கும். முதுகுக்கோட்டுக்கு அருகில் பட்டால்தான் நம்பலாம்.

வலுவைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள் குறி பார்க்க உதவும் குறிமுனைகளைப் பற்றி வாயே திறப்பதில்லை. என் அனுபவத்தில், போட்டியில் இழந்த புள்ளிகளில் பாதிக்குமேல் அங்கேதான் போயின. குழல் நுனியில் உள்ள முன்முனைக்கும் பின்னால் உள்ள பின்தகட்டுக்கும் இடையே 25 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அவ்விரண்டின் ஒழுங்கில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலே 200 மீட்டரில் குண்டு 8 சென்டிமீட்டர் விலகிவிடும். அதே பிசகு 38 சென்டிமீட்டர் இடைவெளி உள்ள துப்பாக்கியில் 5 சென்டிமீட்டரை ஒட்டியே நிற்கும். நீளக் குழலின் பெரிய பயன் குண்டுக்குக் கூடும் வேகத்தைவிட இதுதான் என்று நான் கருதுகிறேன். அடுத்தது, பின்தகட்டின் திருகு. நான்கு தொலைவுகளுக்கும் ஏற்ப அதை ஏற்றி, மீண்டும் கோழிக்கு இறக்க வேண்டும். ஒவ்வொரு கிளிக்கும் விரலுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். ஏற்றிய அளவுக்கே இறக்கினால் பழைய இடத்திற்கே துல்லியமாகத் திரும்ப வேண்டும். கடையில் துப்பாக்கியைக் கையில் எடுத்ததும் குழலைப் பார்ப்பதற்கு முன்பு நான் இந்தத் திருகைத்தான் சுழற்றிப் பார்ப்பேன். என் நான்கு எண்களையும் ஒரு சிறு தாளில் எழுதிப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டி வைத்திருக்கிறேன். ஒரு முறை வான்கோழி எண்ணிலேயே கடாவைச் சுட்டு, ஐந்தும் கடாவின் கால்களுக்கு அடியில் புழுதி கிளப்பியதைப் பார்த்த பிறகு ஒட்டிய தாள் அது.

வயதும் இதில் சேர்கிறது. நாற்பத்தைந்தைத் தாண்டிய கண்ணுக்கு முன்முனை, பின்தகடு, இலக்கு மூன்றும் ஒருசேரத் தெளியாது. முன்முனை கூர்மையாகத் தெரிந்தால் போதும், இலக்கு சற்று மங்கினாலும் பாதகமில்லை. கிரீட்மோர் கிடையில் என் கண்ணுக்கும் முன்முனைக்கும் உள்ள தொலைவை மனைவி தையல் நாடாவால் அளந்து சொல்ல, அந்த அளவைக் கொடுத்துத் தனியாக ஒரு கண்ணாடி செய்து வாங்கினேன். துப்பாக்கிக்குச் செய்த எந்தச் செலவும் அந்தக் கண்ணாடி அளவுக்குப் பலன் தரவில்லை.

நண்பருக்கு நான் சொன்ன விடை இதுதான்: .22இல் தொடங்குங்கள். சிறுதோட்டாப் பிரிவில் உருவங்கள் எட்டில் மூன்று பங்கு அளவுக்குச் சுருங்கி, 25, 50, 75, 100 மீட்டர்களில் நிற்கும். கோழி உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். உதைப்பு இல்லை, தோட்டா மலிவு. ஆனால் காற்று பெருந்தோட்டாவைவிட அதிகமாகவே அலைக்கழிக்கும் என்பதால், கொடியைப் பார்த்துக் குறியை நகர்த்தும் வித்தை தானாகக் கைகூடும். ருகர் மார்க் வரிசையும் பிரவுனிங் பக் மார்க்கும் நீண்ட குழலோடு கிடைத்தால் இதற்குப் போதுமானவை.

ஆயினும் என் பணத்தை நான் இன்று எதில் போடுவேன் என்று கேட்டால், பழைய தாம்சன் சென்டர் கன்டெண்டர் என்றே சொல்வேன். 1967இல் வந்த, ஒரு முறைக்கு ஒரு தோட்டா மட்டும் இடும், நடுவில் மடங்கித் திறக்கும் துப்பாக்கி அது. ஓர் ஊசியைத் தட்டி எடுத்தால் குழல் தனியே வந்துவிடும். வேறு குழலைப் பொருத்தி, சுத்தியலில் உள்ள தேர்வியை மாற்றிவிட்டால், காலையில்.22 சுட்ட அதே உடம்பு மாலையில் 7 எம்.எம். டி.சி.யு. சுடும். விசையும் கைப்பிடியும் மாறுவதில்லை என்பதுதான் இதில் முக்கியம். .22இல் விரல் கற்றுக்கொண்டதை மறக்க வேண்டிய அவசியமே வராது. இதில் சுழல் உருளை இல்லையாதலால் காலும் பிழைத்தது. அன்லிமிடெட் பிரிவில் ரெமிங்டன் எக்ஸ்.பி.-100 போன்ற, கைப்பிடியை இழுத்துத் தோட்டா இடும் போல்ட் வகைகள் இதைவிடத் துல்லியம் என்பதை மறுக்கவில்லை. முதல் துப்பாக்கிக்கு அவை தேவையில்லை என்பதே என் கருத்து.

இவற்றில் பலவும் இப்போது கைமாறித்தான் கிடைக்கின்றன. குழலின் வாய்விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்த்து, எங்காவது தட்டுகிறதா என்று கவனியுங்கள். ரிவால்வர் என்றால் உருளைக்கு மேலே உள்ள பட்டையில், குழல் தொடங்கும் இடத்தில், வாயு அறுத்த கோடு இருக்கிறதா என்று கைவிளக்கால் பாருங்கள்; .357 மேக்சிமம் என்னும் தோட்டாவைச் சுட்ட சில துப்பாக்கிகளில் அது ஆழமாகவே இருக்கும். விற்பவர் அனுமதித்தால் இருபது தோட்டாக்களாவது சுட்டுப் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.

என் .44ஐ அந்தத் தோல் காப்புப் பெரியவரே வாங்கிக்கொண்டார். சென்ற மாதப் போட்டியில் ரிவால்வர் பிரிவில் அதைக் கொண்டு 40க்கு 33 எடுத்தார். கடா ஐந்துக்கு ஐந்து என்று இரண்டு வரிசை. இறங்கி வரும்போது, பின்தகட்டில் நான் வைத்திருந்த கடா எண் இரண்டு கிளிக் குறைவாக இருந்ததாகச் சொன்னார்.