நெகட்டிவ் ஸ்கேன்: நான் எந்த வழியில் போனேன்

வீட்டில் சேர்ந்திருந்த நெகட்டிவ்களை ஸ்கேன் செய்ய முடிவெடுத்ததும் முதலில் ஒரு கணக்குப் போட்டேன். 35 எம்எம் ஃபிலிமில் ஒரு பிரேம் 36க்கு 24 மில்லிமீட்டர். 4000 டிபிஐயில் (அங்குலத்துக்கு 4000 புள்ளி) ஸ்கேன் செய்தால் நீளத்தில் சுமார் 5,670 பிக்சல், அகலத்தில் 3,780. மொத்தம் 21 மெகாபிக்சல். அங்குலத்துக்கு 300 பிக்சல் வைத்து அச்சடித்தால் 18க்கு 12 அங்குலப் படம் தாராளமாக வரும். எனக்கு அது போதும். அதற்கு மேல் போனால் பெரும்பாலும் ஃபிலிமின் துகள்கள், அதாவது கிரெயின்தான் பெரிதாகத் தெரியும்.

எந்த வழி என்று தீர்மானிக்க, நுணுக்கமான விவரங்கள் உள்ள ஒரே நெகட்டிவை லேப், ஸ்கேனர், கேமரா என எல்லா வழியிலும் ஸ்கேன் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இதைச் செய்யாமல் யாரும் பணம் செலவழிக்க வேண்டாம்.

ஃபோட்டோ லேபில் கொடுத்தபோது வந்தது ஜேபெக் கோப்பு. பார்க்க அழகு. ஆனால் நிழல் பகுதிகளை அவர்களே கறுப்பாக இறுக்கி, விளிம்புகளைக் கூர்மையாக்கும் ஷார்ப்பனிங்கும் ஏற்றியிருந்தார்கள். ஜேபெக் 8 பிட் கோப்பு; அதில் நிற அளவுகள் குறைவு என்பதால் பிறகு திருத்த அவ்வளவு இடமில்லை. நிற அளவுகள் அதிகமுள்ள 16 பிட் டிஃப் கோப்பு வேண்டும், ஷார்ப்பனிங் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுப்பது நல்லது.

அடுத்து, தாள்களையும் ஸ்கேன் செய்யும் தட்டையான ஃப்ளாட்பெட் ஸ்கேனர். பெட்டியில் 6400 டிபிஐ என்று போட்டிருந்தாலும், உள்ளே இருக்கும் லென்ஸ் அத்தனை நுணுக்கத்தைப் பிரித்துக் காட்டுவதில்லை. பிக்சல் எண்ணிக்கை ஏறுகிறது, விவரம் ஏறுவதில்லை. நான் பார்த்தவரை உண்மையில் கிடைப்பது 2300 டிபிஐ அளவுதான். 35 எம்எம்முக்கு அது குறைவு. ஆனால் அகலமான 120 ஃபிலிமில் 6க்கு 6 (சென்டிமீட்டர்) பிரேம் ஒரு பக்கம் 56 மில்லிமீட்டர் இருப்பதால், அதே 2300 டிபிஐயிலும் 25 மெகாபிக்சல் கிடைத்துவிடுகிறது. அதனால் 120 ரோல்களை எல்லாம் ஃப்ளாட்பெட்டுக்கே ஒதுக்கினேன். ஃபிலிம் ஹோல்டரின் உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்த்து, ஃபோகஸ் சரியாக விழும் உயரத்தைக் கண்டுபிடிப்பது முக்கியம்.

ஃபிலிமுக்கென்றே இருக்கும் ஸ்கேனர்களின் பெரிய பலம் அகச்சிவப்பு ஒளி. வண்ண ஃபிலிமின் சாயங்கள் அதைத் தடுக்காது, தூசியும் கீறலும் தடுக்கும். அதை வைத்து மென்பொருள் தூசியை அடையாளம் கண்டு நீக்கிவிடுகிறது. சாதாரண கறுப்பு வெள்ளை ஃபிலிமில் படமே வெள்ளித் துகள்தான், அதுவும் அகச்சிவப்பைத் தடுக்கும் என்பதால் அங்கே இந்த வசதி பயன்படாது. என்னிடம் பாதிக்கு மேல் கறுப்பு வெள்ளை. இந்த வகையில் நைக்கான் கூல்ஸ்கேன் எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் தயாரிப்பை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. பழுதானால் பாகம் தேடி அலைய வேண்டும்.

கடைசியில் 35 எம்எம்முக்கு நான் தேர்ந்தெடுத்தது டிஜிட்டல் கேமராவும், மிக அருகில் படமெடுக்கும் மேக்ரோ லென்ஸும். லென்ஸ் 1:1 வரை, அதாவது பொருளை அதே அளவில் சென்சாரில் பதிக்கும் வரை போகக்கூடியதாக இருக்க வேண்டும். நெகட்டிவுக்குப் பின்னால் வைக்கும் ஒளிப்பலகையின் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற அளவு) 95க்கு மேல் இருந்தால் நிறங்கள் அடிபடாது. இங்கே தரத்தைத் தீர்மானிப்பது சென்சாரும் ஃபிலிமும் இம்மி பிசகாமல் இணையாக இருப்பதுதான். நெகட்டிவ் இருக்கும் இடத்தில் சின்னக் கண்ணாடியை வைத்து, லென்ஸின் பிம்பம் திரையின் நட்டநடுவில் தெரியும்வரை கேமராவைச் சரிசெய்தேன்; அப்புறம் நான்கு மூலையும் ஒரே சீராக ஃபோகஸில் வந்தது. எஃப்/8 அப்பர்ச்சர், அடிப்படை ஐஎஸ்ஓ, டைமர், அறை விளக்கு அணைப்பு, பிறகு திருத்த வசதியான ரா கோப்பு. பிரேமுக்கு வெளியே கசியும் ஒளியைக் கறுப்பு அட்டையால் மறைத்ததும் கான்ட்ராஸ்ட் கண்ணுக்குத் தெரிய மேம்பட்டது. ஒவ்வொரு துண்டையும் ரப்பர் புளோயரால் ஊதிவிட்டு வைத்தால் பிறகு தூசி துடைக்கும் வேலை பாதியாகக் குறையும்.

வண்ண நெகட்டிவ்தான் பொறுமையைச் சோதிக்கும். அதிலுள்ள ஆரஞ்சுச் சாயலை நீக்கி நிறத்தைத் திருப்புவதற்கு லைட்ரூம் மென்பொருளில் நெகட்டிவ் லேப் புரோ என்ற பிளக்-இன் பயன்படுத்துகிறேன். பிரேமுக்கு வெளியே உள்ள வெற்று ஃபிலிமில் வொயிட் பேலன்ஸ் எடுத்துவிட்டுத் தொடங்கினால் தோல் நிறம் பெரும்பாலும் சரியாக வருகிறது.

ஸ்லைடுகளுக்கும் (படம் நேர் நிறத்திலேயே இருக்கும் ஃபிலிம்) இதே ஏற்பாடுதான். நிழல் மிக அடர்த்தியாக இருந்த ஒன்றை மட்டும், சுழலும் உருளையில் ஃபிலிமைப் பொருத்தி எடுக்கும் டிரம் ஸ்கேனுக்கு அனுப்பினேன். அதில் இருக்கும், மங்கிய ஒளியையும் பெருக்கிப் பதியும் ஃபோட்டோமல்டிபிளையர் குழாய், ஃபிலிமின் கறுத்த பகுதியிலிருந்தும் விவரத்தை எடுத்துவிடும். செலவும் காத்திருப்பும் அதிகம். சுவரில் பெரிதாக மாட்டப்போகும் படத்துக்கு மட்டும் அது தகும்.