முப்பதாயிரம் ரூபாய் ஃபியட்

"இந்த வண்டிக்கு முப்பதாயிரம் போடலாம் சார். அதற்கு மேல் எங்கள் சிஸ்டம் எடுக்காது" என்றார் வாகனக் காப்பீட்டு அலுவலகத்தில் அந்த அதிகாரி. நான் ஸ்கூட்டரில் போயிருந்தது நல்லதாயிற்று. வீட்டு ஷெட்டில் நிற்கும் அப்பாவின் 1968 ஃபியட் 1100 காதில் அது விழவில்லை. முந்தின மாதம்தான் இரண்டு மட்கார்டுக்கும் டிங்கரிங், பெயின்டிங் என்று அதைவிடக் கூடுதலாகக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

ஆர்.சி. புத்தகத்தில் என் பெயர் ஏறுவது சிரமமின்றி முடிந்திருந்தது. அந்த அசட்டையில் பழைய பாலிசி காலாவதியானதைக் கவனிக்காமல் நான்கு மாதம் விட்டுவிட்டேன். தொண்ணூறு நாள் தாண்டினால், இழப்பீடு கேட்காமல் ஓட்டியதற்கான பிரீமியம் தள்ளுபடி, அதாவது நோ க்ளெய்ம் போனஸ், போய்விடும், எனக்கும் போயிற்று. அதோடு, புதிய பாலிசிக்கு முன் வண்டியை நேரில் பார்த்தாக வேண்டும் என்றார்கள்.

பார்க்க வந்த இளைஞர் கியர் லீவரைத் தரையில் தேடினார். அது ஸ்டியரிங் தண்டில் இருக்கிறது என்று காட்டினேன். பானெட்டைத் திறந்து, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் தகட்டில் இருந்த கிரீஸை வழித்து, மெல்லிய தாளை ஒட்டிப் பென்சிலால் தேய்த்தார். சேசிஸ் எண் ஒவ்வொரு எழுத்தாக எழும்பி வந்தது. அதைக் கைபேசியில் இருந்த அரசுப் பதிவோடு ஒப்பிட்டவர் உதட்டைப் பிதுக்கினார். தகட்டில் 1, பதிவில் 7. கையால் எழுதிய பழைய ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்து எவரோ கணினியில் ஏற்றியபோது, கொக்கி போட்ட ஒன்றை ஏழாக வாசித்திருக்கிறார். பெயர் மாற்றத்தின்போதும் யாரும் பானெட்டைத் திறந்து பார்க்கவில்லை.

ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு மூன்று நடை. முதல் நாள் நகல் கொண்டு போனேன், "அசல் எங்கே?" என்றார்கள். மறுநாள் அசலோடு போனேன், அந்த எழுத்தர் விடுப்பு. மூன்றாம் நாள் அவர் இருந்தார். பென்சில் தேய்த்த தாளை நான் வீட்டில் விட்டுவிட்டேன். என் தவறுதான், ஆனால் அவர் முகத்தில் தெரிந்த திருப்தியை மன்னிக்க முடியவில்லை. ஓடிப் போய் எடுத்து வந்து அன்றே திருத்திவிட்டேன்.

இதற்கிடையில் கண்காட்சியில் பழக்கமான ஒருவர், "விண்டேஜாகப் பதிந்துவிடுங்கள், மூன்றாம் நபர் பிரீமியம் பாதிதான்" என்றார். நம் வண்டியால் பிறருக்கு நேரும் இழப்புக்கான பிரீமியம் அது. உண்மைதான். 2021 விதிகளின்படி, முதல் பதிவாகி ஐம்பது ஆண்டு தாண்டிய, அசல் வடிவம் மாறாத வண்டியை அப்படிப் பதியலாம். ஆனால் அதன்பின் கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் போடுதல், பழுது பார்த்தல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். ஞாயிறு காலையில் அம்மாவை ஏற்றிக்கொண்டு பேரூர் கோயிலுக்குப் போகிறவனுக்கு அது ஒத்துவராது. 1089 சி.சி.க்கு முழுதாக 3,416 ரூபாயும் வரியும் கட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். இழப்பு வந்தால் பேசிய தொகையை அப்படியே தரும் பாலிசியாவது கிடைக்குமா என்று பார்த்தால், வாகனக் காப்பீட்டுக்கான பழைய விதித் தொகுப்பான மோட்டார் டாரிஃபில் அது விண்டேஜுக்கு மட்டும். அங்கே விண்டேஜ் என்றால் 1940 முடிவதற்குள் தயாரானது. முதல் விண்டேஜ் எனக்கு ஒத்துவராது, இரண்டாவதில் என் வண்டி சேராது.

ஆகவே சண்டை ஐ.டி.வி.யைப் பற்றித்தான், அதாவது பாலிசியில் வண்டிக்குப் போடும் மதிப்பைப் பற்றி. மதிப்பைக் குறைத்தால் பிரீமியம் மிச்சம் என்று பலரும் மகிழ்ந்துவிடுகிறார்கள். பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது முழு இழப்பு. முப்பதாயிரத்துக்கு அந்தக் கோடு 22,500-இல் விழுகிறது. லாரிக்காரர் லேசாக உரசி, கிரில்லும் ஒரு கதவும் நசுங்கினாலே போதும், வண்டியை உடைசல் கணக்கில் தள்ளிவிடுவார்கள். சிறு பழுதிலும் உலோக பாகத்துக்குப் பாதிதான் கிடைக்கும், பத்து வயது தாண்டிய வண்டிக்குத் தேய்மானம் 50 சதவீதம். கண்ணாடிக்கு மட்டும் பிடித்தம் இல்லை.

ஐந்து வயது தாண்டிய வண்டிக்கு மதிப்பை இரு தரப்பும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். "சிஸ்டம் எடுக்காது" என்பது பதிலே அல்ல. இதை எழுத்தில் கேட்டேன். உரிமம் பெற்ற சர்வேயரை வீட்டுக்கு அழைத்து, என்ஜின் வேலை ரசீது முதல் சீட் தைத்த ரசீது வரை அடுக்கி, மதிப்பீட்டு அறிக்கை வாங்கினேன். நான் நான்கு லட்சம் என்றேன், அவர் 2,75,000 எழுதினார். பிரீமியம் எட்டாயிரம் சொச்சம் கூடியது. வலித்தது, கட்டினேன். அதிகம் ஓட்டாதவர்கள் மூன்றாம் நபர் காப்போடு தீ, திருட்டு மட்டும் சேர்த்துத் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். முகவர்கள் தாமாகச் சொல்வதில்லை. உரிமையாளருக்கான 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பு உங்கள் வேறு வண்டியின் பாலிசியில் ஏற்கெனவே இருந்தால் இரண்டாம் முறை கட்டாதீர்கள். என் பில்லில் சத்தமில்லாமல் சேர்த்திருந்தார்கள், நீக்க வைத்தேன்.

நேற்று பாலிசி வந்தது. சேசிஸ் எண் சரி, ஐ.டி.வி. சரி. வண்டியின் பெயர்: ஃபியட் லீனியா, டீசல். தயாரிப்பு ஆண்டு 1968. பட்டியலில் 1100 இல்லையாம், ஃபியட் என்று கிடைத்ததைத் தட்டிவிட்டார்களாம். திருத்தம் வர நான்கு நாள் ஆகும் என்கிறார்கள். இந்த ஞாயிறு பேரூருக்கு ஆட்டோதான்.