மெழுகுவர்த்தியின் குணம் திரியில் இருக்கிறது

மெழுகுவர்த்தியை ஊதி அணைத்ததும் திரியிலிருந்து வெள்ளையாக ஒரு புகை எழும். ஆவியான மெழுகு காற்றில் குளிர்ந்து நுண்துளிகளாவதால் வருவது அது. காற்றாடாத இடத்தில், அணைத்த ஓரிரு நொடிக்குள், எரியும் தீக்குச்சியை அந்தப் புகையில் காட்டுங்கள். திரிக்கு 2 சென்டிமீட்டர் மேலே இருந்தாலும் நெருப்பு புகை வழியே இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். எரிவது மெழுகின் ஆவிதான் என்பதற்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

பாரஃபின் மெழுகு ஏறக்குறைய 50 முதல் 65 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். உருகியது நூலிழைகளின் இடைவெளி வழியே மேலேறி, சுடரின் சூட்டில் ஆவியாகிறது. திரியை ஒட்டிய கருமையான பகுதிக்கு ஆக்ஸிஜன் எட்டாது. அங்கே ஆவி சிதைந்து கரித்துகள்கள் உண்டாகின்றன. அவை சுமார் 1200 டிகிரியில் கனன்று தருவதே மஞ்சள் வெளிச்சம். சுடரின் விளிம்பில் ஆக்ஸிஜன் கிடைத்ததும் எரிந்து மறைகின்றன. குளிர்ந்த கரண்டியை மஞ்சள் பகுதியில் பிடித்தால் எரியாத கரி அதில் கருப்பாகப் படியும். அடியிலுள்ள நீல வளையத்தில் காற்று தாராளம், கரி உருவாவதில்லை.

இது புரிந்தால் கோளாறுகளும் புரியும். திரி நீண்டால் ஆவி கூடும். எல்லாக் கரியும் எரிய ஆக்ஸிஜன் போதாமல் கரும்புகை வரும். ஒவ்வொரு முறை ஏற்றுமுன்னும் திரி 5 அல்லது 6 மில்லிமீட்டர் மட்டும் மிஞ்சும்படி வெட்டுங்கள். மின்விசிறிக் காற்றில் சுடர் ஆடினாலும் புகையும். பின்னிய திரி எரியும்போது வளைந்து, நுனி சுடரின் விளிம்புக்குப் போய்ச் சாம்பலாகிவிடும். அதனால் ஓரளவு தன்னைத் தானே வெட்டிக்கொள்கிறது. இருந்தாலும் தடித்த மெழுகுவர்த்திகளில் இதை மட்டும் நம்பக் கூடாது.

நடுவில் மட்டும் குழி விழுந்து ஓரத்து மெழுகு அப்படியே நிற்பதற்குக் காரணம், திரி மெலிதாக இருப்பது அல்லது முதல் முறை சீக்கிரமே அணைத்தது. விட்டத்தில் 2.5 சென்டிமீட்டருக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில், ஓரம் வரை உருகும்படி முதல் முறை எரிய விடுங்கள். குழி விழுந்துவிட்டதா? அலுமினியத் தாளை விளிம்பைச் சுற்றிக் கவித்து, நடுவில் சுடருக்கு வழி விட்டு, ஓரம் இளகும்வரை பக்கத்திலேயே இருந்து பாருங்கள். தாள் சுடும், வெறுங்கையால் எடுக்காதீர்கள்.