கடல்பாசி, ரெண்டு வகை

நோன்பு திறக்கும்போது ரோஸ் கலரில் வழுக்கிக்கொண்டு போகுமே கடல்பாசி, அந்த அகர் அகர் தரும் பாசிகளில் ஒன்று மன்னார் வளைகுடாவின் மரிக்கொழுந்து பாசி. பாம்பன் பக்கத்துப் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி முங்கிப் பாறையிலிருந்து பறிப்பது. 1986-இல் தீவுகள் தேசியப் பூங்காவான பிறகு அங்கே போனால் வழக்குதான்.

அப்புறம், ஐஸ்கிரீமைக் கெட்டியாக்கும் கேரஜீனனுக்காக வெளியிலிருந்து வந்த கப்பாஃபைகஸ். கரையோரம் வளர்த்தது 2008-இல் குருசடைத் தீவுப் பவளப்பாறை மேலேயே படர்ந்து கிடந்தது. வெளிச்சம் மறைந்தால் பவளம் செத்துப்போகும்.

பாசி வளர்ப்பு நல்ல வருமானம், சரி. புதுத் திட்டம் எது வந்தாலும் நான் முதலில் கேட்பது: எந்தப் பாசி, பவளப்பாறைக்கு எவ்வளவு தூரத்தில்?