பத்து இலக்கமும் பதின்மூன்று இலக்கமும்: இரண்டு நூல் பட்டியல்களை இணைத்த அனுபவம்

எங்கள் ஊர் நூலகத்தோடு பக்கத்து வாசகசாலை ஒன்று சேர்ந்தபோது, அவர்களுடைய கணினிப் பட்டியலும் வந்தது. ஒவ்வொரு நூலுக்கும் தரப்படும் சர்வதேச அடையாள எண்தான் ஐ.எஸ்.பி.என். எங்களிடம் இருந்தவை எல்லாம் 10 இலக்கம், அவர்களிடம் 13. இரண்டிலும் இருக்கும் புத்தகங்களை ஒரே பதிவாக்கும் வேலை என்னிடம் வந்தது.

13 இலக்க எண் 2007 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பழைய எண்ணுக்கு முன்னால் 978 போட்டால் போதும் என்று பலர் சொன்னார்கள். போதாது. கடைசி இலக்கம் எண் சரியா என்று பார்ப்பதற்கானது. அதைக் கணக்கிடும் விதமே இரண்டிலும் வேறு. 0306406152 என்ற எண் புதிய முறையில் 9780306406157 ஆகிறது. பழைய முறையில், இலக்கங்களை அவற்றின் இடத்துக்கேற்பப் பெருக்கிக் கூட்டிய தொகை 11-ஆல் வகுபட வேண்டும். அதனால் கடைசி இலக்கம் 10 ஆகவும் அமையலாம் என்பதால்தான் சில எண்களின் கடைசியில் ‘எக்ஸ்’ வருகிறது.

அதனால் முன்னொட்டையும் கடைசி இலக்கத்தையும் விட்டுவிட்டு, மிஞ்சும் ஒன்பது இலக்கங்களை மட்டும் ஒப்பிட்டேன். அதற்கு முன் இடைக்கோடுகளை நீக்கி, ஒவ்வொரு எண்ணின் கடைசி இலக்கத்தையும் கணக்கிட்டுப் பார்த்துவிட வேண்டும். ஆங்கிலப் புத்தகங்கள் பலவற்றின் எண் பூஜ்யத்தில் தொடங்கும். விரிதாளில் அந்தப் பூஜ்யம் காணாமல் போயிருந்தது. திரும்பச் சேர்த்ததும் கணக்கு சரியாக வந்தால் நிம்மதி. 979-இல் தொடங்குபவற்றுக்கு 10 இலக்க வடிவமே கிடையாது. அவற்றையும் வெட்டி ஒப்பிட்டால் சம்பந்தமில்லாத புத்தகத்தோடு பொருந்திவிடும், தனியே வையுங்கள்.

எண் பொருந்தினாலும் தலைப்பைப் பார்க்காமல் இணைக்காதீர்கள். பல பாகங்களுக்குச் சேர்த்து ஒரே எண் அச்சிட்டிருப்பார்கள்.

சரி, எண்ணே இல்லாத பழைய தமிழ்ப் புத்தகங்கள்? உண்மையான வேலை அங்கேதான் இருந்தது. தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு என்று ஒப்பிட வேண்டும். ‘கி. ராஜநாராயணன்’, ‘ராஜநாராயணன், கி.’, ‘கி.ரா.’ மூன்றும் ஒருவரே என்று கணினிக்குத் தெரியாது. ஆசிரியர் பெயர்களுக்கு ஒரு மாற்றுப்பெயர் அட்டவணை தயாரித்தேன். நேரம் தின்றது, ஆனால் அதைப்போல் பலன் தந்தது வேறில்லை.

அப்புறம் எழுத்து. ‘கொ’வை, கணினியில் எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான ஒருங்குறியில் (யூனிகோடு) ஒற்றைக் குறியாக ‘ொ’ சேர்த்தும் எழுதலாம், ‘ெ’யும் ‘ா’வும் தனித்தனியாக இட்டும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. கணினிக்கு இரண்டும் வேறு சொல். இப்படிப் பிரிந்து கிடக்கும் குறிகளை ஒற்றைக் குறியாக்கும் என்.எஃப்.சி. என்ற சீராக்கத்தை ஓட்டினால் இது தீரும். ஆனால் ‘மௌனி’ என்பதில் ‘ௌ’ குறிக்குப் பதில் ‘ெ’யும் ‘ள’வும் தட்டியிருந்தால் அது தீராது. அப்படிப்பட்டவற்றைத் தேடித்தேடிக் கையால் திருத்தினேன். மௌனியின் கதைகளைத் தேடி வரும் ஒருவர், அலமாரியில் புத்தகம் இருந்தும் ‘இல்லை’ என்ற பதிலோடு திரும்பக் கூடாது, இல்லையா?

கடைசிவரை சந்தேகமாக இருந்தவற்றுக்குப் புத்தகத்தையே எடுத்துப் பதிப்பு விவரப் பக்கத்தைப் பார்த்தோம். இரு நூலகங்களின் பழைய பதிவெண்களையும் அழிக்கவில்லை. புதிய பதிவிலேயே இரண்டுக்கும் இடம் கொடுத்திருக்கிறோம். புத்தக முதுகில் ஒட்டிய சீட்டுகளில் இன்னும் அந்த எண்கள்தான் இருக்கின்றன.